அடியுருண்டை

"தொம்... தொம்..." என்று தரை அதிர்ந்து, கூடவே பேரீச்சம்பழத்தின் பிசுபிசுத்த வாசனையும் மிளகாய்த்தூளின் நெடியும் மூக்கில் ஏறினால், மந்தைவெளியில் நாங்கள் குடியிருந்த மாடிப் போர்ஷனில் இரண்டு விஷயங்கள் உறுதி: விருந்தாளி வரப்போகிறார், வீட்டில் யாரோ யார் மீதோ கொலைவெறியில் இருக்கிறார்.

அந்த ஓசைக்குக் காரணமான பலகாரத்துக்கு எங்கள் வீட்டில் "அடியுருண்டை" என்று பெயர். அடுப்பே வேண்டாம். யாருடைய கல்யாணத்திலோ தாம்பூலத்தோடு கொடுத்த மஞ்சப்பையில் உப்பு பிஸ்கட்டையும் உப்புக்கடலையையும் கொட்டி, பையின் வாயை இடது கையால் கொத்தாகப் பிடித்துக்கொண்டு, வலது கையில் பூரிக்கட்டையை எடுத்து, மனதில் யார் முகம் வருகிறதோ அந்த முகத்தை நினைத்து அடிக்க வேண்டும். பிஸ்கட் தூளாகி, கடலை ஒன்றிரண்டாக உடைந்ததும், பேசினில் கொட்டி, கொட்டை எடுத்த பேரீச்சம்பழம், கொஞ்சம் வெல்லத்தூள், ஒரு சிட்டிகை மிளகாய்த்தூள் சேர்த்துப் பிசைந்து, நெல்லிக்காய் அளவுக்கு உருட்டி ஓமப்பொடியில் புரட்டினால் முடிந்தது. முதல் கடியில் இனிக்கும், அடுத்ததில் உப்பு, தொண்டையில் இறங்கும்போது காரம். விருந்தாளிகள் எல்லாரும் "எப்படிங்க செஞ்சீங்க?" என்று கேட்பார்கள். "கோவத்துல செஞ்சதுங்க" என்று உண்மையைச் சொன்னால் யார் நம்புவார்கள்?

மாவுக்குப் பதம் போல இதற்குக் கோபம். "இன்னிக்கு யாருக்குக் கோவம் ஜாஸ்தி? வாங்க, பை ரெடி" என்று அம்மா சமையலறையிலிருந்து குரல் கொடுப்பாள். பெரும்பாலும் போட்டி இருக்கும். எங்கள் குடும்பம் அப்படிப்பட்ட குடும்பம். லாரி ஷெட்டில் மெக்கானிக்காக இருந்த அப்பா பேச ஆரம்பிப்பதற்கு முன்பே கையில் இருந்தது பறக்கும். அம்மாவின் ஆயுதம் கரண்டி. எங்கள் வீட்டு எவர்சில்வர் டம்ளர்களில் ஒன்றுகூட வட்டமாக இருக்காது. எல்லாமே ஏதோ ஒரு சுவரையோ ஏதோ ஒரு முதுகையோ சந்தித்து நசுங்கியவை. காபியைச் சிந்தாமல் குடிக்க, உதட்டை எந்தப் பக்கம் வைக்க வேண்டும் என்பது டம்ளருக்கு டம்ளர் மாறும். எனக்கு ஒன்பது வயது, கைக்கு எட்டிய பொருள்களை எல்லாம் பெரியவர்கள் முன்பே எடுத்துவிடுவதால், நான் தலையை நம்பினேன். தலையைக் குனிந்துகொண்டு ஓடிப்போய் எதிராளியின் வயிற்றில் மோதுவது என் பாணி. பள்ளிக்கூடத்திலும் தெருவிலும் எனக்கு "முட்டுற மாடு" என்று பெயர். பெண் குழந்தைக்கு இது பெருமையா என்று கேட்பீர்கள். நான் பெருமையாகத்தான் நினைத்துக்கொண்டேன். மூளை அடிக்கடி அதிர்ந்ததன் விளைவாக இருக்கலாம்.

அந்தப் பெயரை வைத்தவள் மாலதி அத்தை, அப்பாவின் தங்கை. தி. நகரில் ஒரு ஜவுளிக்கடையில் பில் போடும் வேலை. எங்கள் வீட்டில் யாரையும் திருப்பி அடிக்காத ஒரே ஆள் அவள்தான். அதனாலேயே அதிகமாக அடி வாங்கியவளும் அவள்தான். தன் கோபத்தை எல்லாம் மஞ்சப்பைக்குக் கொடுத்துவிடுவாள். அத்தை அடித்த உருண்டைதான் மாவு மாதிரி வாயில் கரையும். நாங்கள் சப்புக்கொட்டித் தின்றோம். அது ஏன் அவ்வளவு மென்மையாக இருந்தது என்று யாரும் யோசித்ததில்லை.

அதே கடையில் கணக்கு எழுதும் சேகரை அத்தை தானாகவே பார்த்து முடிவு செய்துவிட்டாள் என்று தெரிந்த அன்று அப்பா சொம்பை எறிந்தார். அது அத்தையின் புருவத்துக்கு மேலே பட்டு, ரத்தம் கண்ணுக்குள் இறங்க, தையல் போடும்படி ஆயிற்று. ஆட்டோவில் அத்தையின் தலையைப் பிடித்துக்கொண்டு போனவள் அம்மா. திரும்பி வந்து, "அவன் வீட்டு ஆளுங்க வந்து பாக்கட்டும், இல்லன்னா நான் இவளக் கூட்டிக்கிட்டு என் அம்மா வீட்டுக்குப் போறேன்" என்று கரண்டியோடு நின்றவளும் அம்மா. அப்பா ஒத்துக்கொண்டார். ஒத்துக்கொண்ட கடுப்பில் அடுப்பை ஓர் உதை விட்டார். அது மேடையிலிருந்து விழுந்து, பர்னர் நெளிந்து, ரிப்பேர் கடைக்குப் போனது.

பெண் பார்க்க வருகிறவர்களுக்கு பஜ்ஜி, சொஜ்ஜி என்பது ஊர் வழக்கம். அடுப்பில்லாத வீட்டில் என்ன செய்வது? "அடியுருண்டையே போதும், இனிப்பும் ஆச்சு காரமும் ஆச்சு" என்றாள் அம்மா.

அன்று மத்தியானம் அத்தை என்னை உட்கார வைத்துத் தலை பின்னிவிட்டாள். அவள் நெற்றிக்காயத்தை மறைக்க முடியைச் சுருட்டி முன்னால் இழுத்து விட்டிருந்தாள். கையில் என்றைக்கும் வாட்ச் மட்டும் கட்டுகிறவள், அன்று இரண்டு கையிலும் பச்சைக் கண்ணாடி வளையல் அடுக்கியிருந்தாள்.

"இங்க பாருடி, முட்டுற மாடு. இன்னிக்கு மட்டும் ஒழுங்கா இரு. இந்த இடம் அமைஞ்சா நான் தப்பிச்சேன். அமையலன்னா ஒரு நாள் இந்த வீட்ல யாராவது செத்துத்தான் போவாங்க."

விளையாட்டுக்குச் சொல்லவில்லை என்பது பின்னலை இறுக்கிய விரல்களில் தெரிந்தது. சாகப் போவது நானாகத்தான் இருக்கும் என்று நினைத்துப் பயந்துகொண்டேன். போன வாரம்தான் அப்பாவின் ரேடியோவைத் திறந்து உள்ளே யார் பேசுகிறார்கள் என்று பார்த்திருந்தேன்.

சரியாக அந்த நேரம் பார்த்து அப்பா வாசல்பக்கம் நின்று, "ஆளப் புடிச்சதும் அவளே, பந்தி போடறது மட்டும் நான்" என்றார். அத்தை எழுந்துபோய்ப் பையை எடுத்தாள். அன்றைக்கு விழுந்த அடி மாதிரி நான் அதற்கு முன்னும் பின்னும் கேட்டதில்லை. மேல் அலமாரியில் டப்பாக்கள் ஆடின. கீழ்வீட்டுக்காரர் கம்பால் தன் கூரையைத் தட்டினார். ஓர் அடி தவறி, பையின் வாயைப் பிடித்திருந்த அவளுடைய இடது மணிக்கட்டிலேயே இறங்கியது. வளையல்கள் நொறுங்கித் தரையில் சிதறின. "ஸ்ஸ்" என்றாளே தவிர அழவில்லை. மணிக்கட்டில் வழிந்த ரத்தத்தைத் துடைத்து, பஞ்சு வைத்துக் கட்டி, தரையில் கிடந்ததைக் கூட்டி அள்ளிவிட்டு, புடவை மாற்றப் போய்விட்டாள். அதற்குள் படியில் செருப்புச் சத்தம் கேட்டுவிட்டது. அம்மா அவசர அவசரமாகப் பிசைந்து உருட்டி, தட்டில் அடுக்கி, ஹாலுக்குக் கொண்டுபோனாள்.

பேசினை வழித்துத் தின்பது என் பரம்பரை உரிமை. ஒட்டியிருந்ததை எல்லாம் விரலால் திரட்டி ஒரே வாயாகப் போட்டு மென்றேன். "நறுக்" என்றது. கடலை என்று நினைத்து இன்னொரு முறை கடித்தேன். உதட்டில் சுரீர் என்று ஏதோ இறங்கியது. இனிப்போடு ரத்தத்தின் உப்பும் சேர்ந்தது. நாக்கால் தள்ளி விரலில் எடுத்துப் பார்த்தால் பச்சை. அடி பட்டுப் பிடி தளர்ந்த நொடியில், நொறுங்கிய வளையல் பைக்குள்ளும் விழுந்திருக்கிறது. அந்தப் பையில் இருந்ததுதான் ஹாலில் தட்டு நிறைய இருக்கிறது.

எட்டிப் பார்த்தேன். நாற்காலியில் சேகர், ஒல்லியாக, வேர்த்துப்போய். பக்கத்தில் அவருடைய அம்மா. வேளச்சேரியில் வீட்டிலேயே தையல் மிஷின் போட்டு ஜாக்கெட் தைக்கிறவர், வாய் திறந்து அதிகம் பேசாதவர். மூன்றாவது ஆள் சேகரின் தாய்மாமா. அவர் டம்ளரைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இன்னா சம்மந்தி, எல்லா டம்ளரும் ஒரு மாரி நசுங்கிக்கீது?"

"பழைய பாத்திரம்" என்றார் அப்பா.

"பாத்திரம் பழசானா இப்டியா ஆவும்? லாரி ஏறுன மாரி கீதேபா!" என்று சொல்லிக்கொண்டே மாமா ஓர் உருண்டையை முழுசாக வாயில் போட்டுக் கன்னத்தில் ஒதுக்கினார். சேகரின் கையிலிருந்த உருண்டை வாயை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது.

வேறு குடும்பத்துக் குழந்தையாக இருந்தால் "திங்காதீங்க!" என்று கத்தியிருக்கும். என் வாயில் பாதி பேரீச்சம்பழமும் பாதி ரத்தமும் இருந்தது ஒரு காரணம். முக்கியமான காரணம், எங்கள் வீட்டில் அவசரத்துக்கு யாரும் வாயைப் பயன்படுத்திப் பழகவில்லை. நான் தலையைக் குனிந்தேன். ஓடினேன். சேகரின் வயிற்றில் மோதினேன்.

உருண்டை ஜன்னலுக்கு வெளியே போனது. நாற்காலியோடு மாப்பிள்ளை மல்லாந்தார். தட்டு எகிறி, மிச்ச உருண்டைகள் ஹால் முழுக்க உருண்டன. விழுந்தவரின் மேலேயே நான் கிடக்க, "பளார்" என்று என் கன்னத்தில் ஓர் அறை விழுந்தது. அறைந்தவர் வாய் திறக்காத அந்தத் தையல்கார அம்மா. அறையின் தரத்தை எடை போடத் தெரிந்த குடும்பத்தில் பிறந்தவள் என்பதால் சொல்கிறேன், நல்ல அறை.

அப்பா எழுந்துவிட்டார். கையில் சொம்பு. "சனியனே, உன்ன இன்னிக்கு..." என்று அவர் ஓங்கியபோது, நான் கண்ணை மூடிக்கொண்டேன். எதுவும் விழவில்லை. கண்ணைத் திறந்தால் அந்த அம்மா எனக்கும் சொம்புக்கும் நடுவில் நிற்கிறார்.

"கைய எறக்குங்க! கொழந்த வாயெல்லாம் ரத்தம்! ஐயோ, நான் அடிச்சதுல பல்லு போயிடுச்சா?"

அவர் அப்படியே தரையில் உட்கார்ந்து, என்னை மடியில் இழுத்து, முந்தானையால் என் வாயைத் துடைத்தார். "தெரியாம கை நீட்டிட்டேன் கண்ணு. புள்ள விழுந்ததும் புத்தி கெட்டுப்போச்சு. வலிக்குதா? தப்பு என்னுதுதான். என்னை மன்னிச்சுடும்மா."

எங்கள் வீட்டில் அடி விழுந்த பிறகு கதவு சாத்தும் சத்தம் கேட்டிருக்கிறது, அழுகை கேட்டிருக்கிறது, இரண்டு நாள் கழித்து "சாப்பிட வாடி" கேட்டிருக்கிறது. இந்த வார்த்தையை நாங்கள் யாரும் கேட்டதில்லை. சொம்பைப் பிடித்தபடி அப்பா, விடை தெரியாத கணக்கைப் பார்ப்பது போல அந்த அம்மாவைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

நான் கையை விரித்து, பச்சைத் துண்டை அந்த அம்மாவின் உள்ளங்கையில் வைத்தேன். "வளையல்" என்றேன். "உருண்டைல."

உள்ளறைக் கதவோரம் நின்றிருந்த அத்தை தன் மணிக்கட்டைப் பார்த்துக்கொண்டாள். தாய்மாமா கன்னத்தில் ஒதுக்கியிருந்ததை, முட்டையிடும் கோழியின் நிதானத்தோடு வெளியே எடுத்து உள்ளங்கையில் வைத்துக்கொண்டார். "டம்ளரப் பாத்தப்பவே எனக்கு டவுட்டு" என்றார்.

அப்பா அத்தையின் பக்கம் திரும்பினார். "கண்ணாடிய இடிச்சுப் போட்டிருக்கியேடி, பாவி!" சொம்பு மறுபடி உயர்ந்தது.

"அவ கையப் பாருங்க மொதல்ல" என்றார் அந்த அம்மா, என்னை மடியிலிருந்து இறக்காமலே. "கட்டு போட்டிருக்கு பாருங்க. அடிபட்டது அவளுக்கும்தான்." பிறகு, அத்தையின் நெற்றியில் முடி விலகியிருந்த இடத்தையும் பார்த்தார். சொம்பையும் பார்த்தார். வேறு எதுவும் கேட்கவில்லை.

அப்போது அத்தை சொன்னாள், சத்தமாக, எல்லாருக்கும் கேட்கும்படி: "எனக்கு சம்மதம்."

"இன்னாம்மா நீ, நாங்க இன்னும் ஒண்ணுமே கேக்கலியே!" என்றார் மாமா. "உசுரோட கீறோமான்னு மொதல்ல பாத்துக்கறோம், இரு."

சேகர் தரையில் கிடந்தபடியே சிரிக்க ஆரம்பித்தார். அப்பாவின் கை மெல்ல இறங்கியது. மாமா அன்று ஒரு சீப்பு வாழைப்பழத்தை ஒரே ஆளாகத் தின்று தீர்த்தார், கண்ணாடி உள்ளே போயிருந்தால் அதுதான் வைத்தியமாம். அடுத்த தையில் கல்யாணம். தாம்பூலத்துக்கு மஞ்சப்பை கொடுத்தார்கள்.

இப்போது நான் அடையாறில் இருக்கிறேன். போன ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு ஆட்கள் வந்தார்கள். உப்பு பிஸ்கட்டை என் மகள் மிக்சியில் போட்டு இரண்டு சுற்று விட்டாள். எனக்கு யார் மீதாவது கோபம் வருவதற்குள் அரைத்து முடித்துவிட்டாள். மஞ்சப்பை எப்போதோ கரித்துணியாகிவிட்டது. நசுங்கிய டம்ளர்களை அம்மா ஒரு பிளாஸ்டிக் பக்கெட்டுக்குப் போட்டாள். பாத்திரக்காரர் அவற்றைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாராம். அந்தத் தையல்கார அம்மாவும் இல்லை. கடைசிவரை, என்னைப் பார்க்கும்போதெல்லாம் முதலில் என் கன்னத்தைத்தான் தொடுவார். அப்பாவின் கை இப்போது தானாகவே நடுங்குகிறது. சொம்பில் தண்ணீர் கொடுத்தால் இன்னொருவர் பிடித்துக்கொள்ள வேண்டும். வேளச்சேரியிலிருந்து வரும் நாள்களில் அத்தை பிடித்துக்கொள்கிறாள். "மன்னிச்சுடு" என்ற அந்த வார்த்தையை அவர் இதுவரை அவளிடம் சொன்னதில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமையும் அத்தை வந்திருந்தாள். தட்டு சுற்றி வந்தது. அப்பா ஓர் உருண்டையை எடுத்து, நடுங்கும் விரல்களால் இரண்டாகப் பிட்டு, வெளிச்சத்தில் உற்றுப் பார்த்தார். அத்தையும் பிட்டுப் பார்த்தாள். அம்மாவும், நானும். எங்கள் குடும்பத்தில் அடியுருண்டையை யாரும் முழுசாகத் தின்பதில்லை. என் மகள் ஒன்றை எடுத்து அப்படியே வாயில் போட்டுக்கொண்டு, இரண்டு கன்னமும் உப்ப எங்களைப் பார்த்தாள்.

"எல்லாரும் உள்ள என்ன தேடுறீங்க?"

அத்தைதான் கேட்டாள்: "பல்லுல ஏதாச்சும் மாட்டுதா?"

"இல்லியே."

"அப்ப நல்லா மென்னு தின்னு."