கரையை அளக்கும் வேலை முடிந்ததா?

சென்னையில் ஓர் ஆராய்ச்சி நிலையத்தில் வேலைக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று என் மகள் விண்ணப்பம் எழுத உட்கார்ந்தாள். எம்.எஸ்சி. முடித்து வீட்டில் இருந்தவள். இது கிடைக்காவிட்டால் செங்கல்பட்டில் ஒரு ஜவுளிக்கடையில் பில் போடப் போவதாகப் பேச்சு. ஆராய்ச்சி அனுபவத்தை ஆங்கிலத்தில் ஒரு பக்கம் எழுதச் சொல்லியிருந்தார்கள். முதல் வரியிலேயே நின்றுவிட்டாள்.

நான் பத்தாவது வரை படித்தவன். பால் வண்டி ஓட்டுகிறேன். அந்த ஒரு வரியில் அப்படி என்ன சிக்கல் என்று தெரிந்துகொள்ள ஆசை. கேட்கக் கூச்சம். டீ கொடுக்கிற சாக்கில் பக்கத்தில் போய் நின்றேன்.

பள்ளியில் ஆங்கிலம் நடத்தும் அவள் தோழி போன் ஸ்பீக்கரில் சத்தமாகப் பேசிக்கொண்டிருந்தாள்.

"அடியே, வேலை முடிஞ்சிபோச்சா, இன்னும் நடந்துகினு இருக்குதா? அத மொதல்ல சொல்லு."

"காலேஜ் ப்ராஜெக்ட் முடிஞ்சிச்சி. ஆனா நானும் அப்பாவும் இன்னும் போய்க்கினுதான் கீறோம்."

நெம்மேலிப் பக்கம் கடல் கரையை எவ்வளவு தின்கிறது என்று பார்ப்பதுதான் அந்த வேலை. மாதம் ஒரு ஞாயிறு, ரோட்டோரக் கல்லிலிருந்து அலை ஏறும் இடம் வரை டேப் பிடித்து அளப்போம். கூடப் படித்தவர்கள் படிப்போடு நின்றுவிட்டார்கள். டேப்பின் மறுமுனையைப் பிடிக்க ஆள் வேண்டுமே என்று நான் போனேன். வலை காயவைக்கிறவர் ஒருவர் பார்க்கும்போதெல்லாம், "அண்ணாத்த, கடலுக்கு இன்னா, சட்டை தைக்கப் போறியா?" என்பார். நான் குனிந்துகொள்வேன்.

முடிந்துபோன வேலைக்கு ஆங்கிலத்தில் வினைச்சொல் ஒரு மாதிரியாம். எப்போதோ தொடங்கி இன்றுவரை நடப்பதற்கு வேறு மாதிரியாம். அதைப் பார்த்தே படிக்கிறவர் ஆள் இன்னும் அந்த வேலையைச் செய்கிறாரா என்று புரிந்துகொள்வாராம். எனக்கு வியப்பாக இருந்தது. நம் பக்கத்திலும் 'வந்துகினு கீறேன்' என்று சொல்கிறோம். ஆனால் சொல்கிறவன் பாதி நேரம் வீட்டைவிட்டே கிளம்பியிருக்க மாட்டான். போனில் கேட்கிறவனுக்கும் அது தெரியும்.

மகளுக்கு இருந்த பயமும் அதுதான். "யாரும் சொல்லாம நாமளா அளக்கறது ஆராய்ச்சியாடி? நடக்குதுன்னு எழுதினா புளுகுன்னு நெனச்சிட்டா?"

"போன மாசம் போனியா?"

"போனேன்."

"அப்புறம் இன்னா? எழுது."

உள்ளே இருந்து என் மனைவி குரல் கொடுத்தாள். "அப்பனும் பொண்ணும் சோறு கூட துன்னாம கடல அளக்கப் போறத நான் வந்து சாட்சி சொல்றேன்."

மகள் சிரிக்கவில்லை. "மழைல ரெண்டு மாசம் போவலியே. அதுக்கு இன்னா பண்றது?"

தோழி சொன்னாள்: "அத மறைச்சாதான் புளுகு. அதுக்கும் ஒரு வரி போட்டுடு."

மகள் நடக்கும் வேலையாகவே எழுதினாள். போகாத இரண்டு மாதத்துக்கும் ஒரு வரி போட்டாள்.

நேர்காணலுக்குக் கூப்பிட்டார்கள். நானும் கூடப் போய் வாட்ச்மேன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். அவள் வெளியே வந்ததும், "இங்கிலீஷ்ல இன்னாம்மா கேட்டாங்க?" என்றேன்.

"கொஞ்சந்தாம்பா. அப்புறம் தமிழ்லயே ஆரம்பிச்சிட்டாங்க. யாரும் கேக்காதப்போ ஏன் அளக்கறேன்னாங்க. நிறுத்தினா அடுத்த மாசம் இன்னா ஆச்சின்னு தெரியாம போயிடுமேன்னேன். ஒருத்தர் சிரிச்சாரு."

"சிரிச்சா நல்லதா, கெட்டதா?"

"எனக்கு இன்னா தெரியும்?"

ஊர் திரும்பும்போது திருப்போரூர் வரை பஸ்ஸில் அதையே யோசித்துக்கொண்டு வந்தேன்.

நல்லதுதான் போலிருக்கிறது. ஒரு வருடத்துக்கு எடுத்துக்கொண்டார்கள். இப்போது அவளுக்குக் கம்ப்யூட்டர் முன்னால் வேலை. வானத்திலிருந்து எடுத்த படத்தை வைத்துக் கரையை அளக்கிறார்களாம். அலை ஓரிடத்தில் நிற்காதே, படத்தில் எந்த அலையைக் கணக்கில் எடுப்பார்கள்? லீவில் வரும்போது கேட்க வேண்டும்.