புது லேப்டாப்புக்கு வைத்த பொட்டு

விஜயராணி என்ன வேலை பார்க்கிறாள் என்று ஸ்ரீரங்கம் மேலூர் ரோட்டில் கேட்டுப் பாருங்கள். "வீட்டுலயே உக்காந்து கம்ப்யூட்டர்ல என்னமோ தட்டுது" என்பார்கள். என்னமோ இல்லை ஐயா. சென்னையில் ஒரு கம்பெனி, வெளிநாட்டு மருத்துவப் புத்தகங்களை மின்புத்தகமாக மாற்றுகிறது. திரையில் இடது பக்கம் அசல், வலது பக்கம் புதிதாக அடித்தது. இரண்டையும் வரிக்கு வரி ஒப்பிட்டுப் பார்த்து, எங்கே ஒரு கமா விட்டுப்போயிருக்கிறது, எங்கே ஓர் எழுத்து இடம் மாறியிருக்கிறது என்று பிடித்துக் கொடுக்க வேண்டும். அவள் கண்ணில் மண்ணைத் தூவிவிட்டு ஒரு தப்பு தாண்டிப் போனதில்லை என்று கம்பெனியில் பேர். அந்தப் பேர் அவளுக்கு உயிர்.

அந்தக் கண்தான் போய்க்கொண்டிருந்தது.

மார்கழி மாதம், புடவைக்கு ஃபால்ஸ் தைக்கக் கொடுத்துவிட்டு வருகிறேன் என்று வீட்டில் பொய் சொல்லிவிட்டு, தில்லை நகரில் ஒரு கண் டாக்டரிடம் தனியாகப் போனாள். எழுத்துகளின் நடுவில் அழுக்குத் துணியால் துடைத்த மாதிரி ஒரு மங்கல் விழுகிறது என்றாள். சொட்டு மருந்து விட்டு உட்கார வைத்துப் பார்த்த டாக்டரம்மா, "சர்க்கரை விழித்திரையைத் தொட்டிருக்கும்மா. கண்ணுல ஊசி போடணும், தள்ளிப்போடக் கூடாது. அடுத்த தடவை வீட்டுக்காரரைக் கூட்டிட்டு வாங்க" என்றார். ஊசி என்றதற்குக்கூட அவள் அசரவில்லை. வீட்டுக்காரரைக் கூட்டிக்கொண்டு வா என்றார்கள் பாருங்கள், அதில்தான் பயந்துபோனாள். அந்தப் பக்கமே அப்புறம் தலைவைத்துப் படுக்கவில்லை.

வீட்டுக்காரர் முருகானந்தம் பூதமா, பிசாசா? ஒன்றும் கிடையாது. மலைக்கோட்டைக்குக் கீழே ஒரு ஜவுளிக்கடையில் பட்டுப்புடவைப் பிரிவுக்கு மேற்பார்வை. தங்கமான மனுஷன். ஆனால் அந்த வாய் இருக்கிறதே! மனைவிக்குச் சர்க்கரை என்று தெரிந்த அன்று, சீனி டப்பாவைக் கொண்டுபோய்க் கீழ்வீட்டு பிரேமலதாவிடம் கொடுத்து, காரணத்தையும் சொல்லி, தெருமுனைப் பால்காரர் வரைக்கும் சேதியைப் பரப்பிவிட்டுத்தான் மாடி ஏறினார். அன்றிலிருந்து ஒரு குடத்தைத் தூக்கவிட மாட்டார். "நீ உக்காரு ராணி, நீ உக்காரு." கண்ணும் போகிறது என்று தெரிந்தால் வேலையை விடச் சொல்லி, நாற்காலியில் உட்கார வைத்து, ஊருக்கே வேடிக்கை காட்டிவிடுவார். பார்வை போவதைவிட, அப்படி ஒரு மூலையில் உட்கார்ந்திருப்பதுதான் அவளுக்குப் பயம்.

அதனால் அவள் ஒரு வழி கண்டுபிடித்திருந்தாள். சொந்தமாகப் பெரிய மானிட்டர் ஒன்று வாங்கி, கம்பெனி லேப்டாப்போடு இணைத்து, எழுத்தைக் கட்டைவிரல் உயரத்துக்குப் பெரிதாக்கிக்கொண்டாள். அது இருந்தவரைக்கும் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. ஓடிக்கொண்டிருந்தது வண்டி.

பங்குனியில் கம்பெனி எல்லோருக்கும் புது லேப்டாப் அனுப்பியது. வெள்ளிக்கிழமை கூரியர்காரர் புதியதைக் கொடுத்துவிட்டுப் பழையதை வாங்கிக்கொண்டு போனார். திங்கட்கிழமை காலையில் புது மென்பொருளில் எல்லோரும் வேலை செய்வதைக் குழுத் தலைவி அறிவுமதி சென்னையிலிருந்தே திரையில் பார்ப்பாளாம். மெதுவாகச் செய்பவர்களை வேறு பிரிவுக்கு மாற்றப் போகிறார்கள் என்று ஒரு பேச்சு. வேறு பிரிவு என்றால் வேலைக்குச் சீட்டுக் கிழிப்பது என்று எல்லோருக்கும் தெரியும்.

புதுப் பொருள் வீட்டுக்குள் வந்தால் சாமிக்கு முன்னால் வைக்காமல் தொடுவார்களா? அதுவும் வெள்ளிக்கிழமை. விளக்கேற்றி, லேப்டாப்பை மணையில் வைத்து, சந்தனத்தைக் குழைத்தாள். கம்பெனிப் பொருள், மூடியில் கறை பட்டால் கேள்வி வரும். அதனால் வெளியே தெரியாதபடி பக்கவாட்டில், விளிம்பைத் தடவிப் பார்த்து வரிசையாக மூன்று சந்தனப் பொட்டு அழுத்தி வைத்து, மேலே குங்குமமும் இட்டாள். ஒரு செம்பருத்தியைச் செருகிக் கும்பிட்டாள். 'ரங்கநாதா, திங்கட்கிழமையை மட்டும் தாண்ட வெச்சுடு.' சனிக்கிழமை காலையில் ஈரத்துணியால் துடைத்து எடுத்து, மானிட்டர் கேபிளைச் செருகினாள்.

திரை கறுப்பாகவே இருந்தது. நடுவில் ஒரு சின்னக் கட்டம் மட்டும் அங்குமிங்கும் மிதந்தது. சிக்னல் இல்லை.

சரி, சரியாகச் செருகவில்லை போல என்று எடுத்து மறுபடி செருகினாள். சிக்னல் இல்லை. இரண்டையும் அணைத்து, மறுபடி போட்டாள். இல்லை. லேப்டாப்பின் சின்னத் திரையில் எதையோ மாற்ற வேண்டும் என்று தெரியும், ஆனால் அந்த எழுத்து எறும்பு ஊர்ந்த மாதிரி இருக்கிறதே, எப்படிப் படிப்பது? கைபேசியில் திரையைப் படம் பிடித்து, படத்தை விரலால் பெரிதாக்கி, எது எங்கே இருக்கிறது என்று படித்து, மறுபடி லேப்டாப்புக்கு வந்து தேடிப்பிடித்து அழுத்தினாள். 'இரண்டு திரையிலும் காட்டு' என்று கொடுத்தாள். இரண்டாவது திரையே இல்லை என்றது லேப்டாப். அடப்பாவி, இதோ முன்னாடிதானே நிற்கிறது!

"என்ன ராணி, லேப்டாப்பைப் போட்டோ எடுக்கற?" என்றார் முருகானந்தம், கடைக்குக் கிளம்பிக்கொண்டே.

"கம்பெனிக்கு அனுப்பணுங்க. படம் வரலை."

"குடு, நான் பாக்கறேன்." வாங்கி, கேபிளைச் செருகிப் பிடுங்கி, மானிட்டரின் தலையில் ரெண்டு தட்டுத் தட்டினார். "புதுசுன்னா அப்படித்தான், பழகணும்" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டு பஸ் பிடிக்கப் போனார்.

மானிட்டரைத் தூக்கிக்கொண்டு கீழ்வீட்டுக்குப் போனாள். பிரேமலதா வீட்டு டிவி பெட்டியில் அதே கேபிளைப் போட்டதும் மானிட்டரில் பளிச்சென்று சமையல் நிகழ்ச்சி வந்தது. பிரேமலதா கைதட்டினாள். விஜயராணி கேபிளைப் பிடுங்கினாள். கேபிள் நல்லது, மானிட்டர் நல்லது. அப்படியென்றால் லேப்டாப்தான் பழுது.

கம்பெனியின் கணினி உதவிப் பிரிவுக்கு போன் போட்டாள். சித்தார்த் என்று ஒரு பையன் எடுத்தான். பொறுமையாகத்தான் பேசினான். இதை அழுத்துங்க, அதை அழுத்துங்க என்று தூரத்திலிருந்தே உள்ளே புகுந்து பார்த்தான். கடைசியில், "கேபிள் செருகற போர்ட்ல ஏதோ பிரச்சினை மேடம். திருப்பி அனுப்பினா வேற வரும், ஒரு வாரம் ஆகும். ஆனா எதுக்கு மேடம் மானிட்டர்? கம்பெனி குடுத்தது இல்லையே. லேப்டாப் ஸ்கிரீனே போதுமே, எல்லாரும் அதுலதானே பாக்கறாங்க?" என்றான்.

"பழக்கம்ப்பா" என்றாள்.

"அப்ப புகார் டிக்கெட்ல என்ன காரணம் போடட்டும்? மெடிக்கல் காரணமா?"

"வேண்டாம், வேண்டாம்! ஒண்ணும் போடாத. நானே பாத்துக்கறேன்" என்று போனை வைத்தாள். மத்தியானம் முழுவதும் சின்னத் திரையிலேயே எழுத்தைப் பெரிதாக்கிப் பார்த்தாள். நாலு வரிதான் தெரிந்தது. அசலைப் பார்த்தால் அடித்தது ஓடிவிடுகிறது, அடித்ததைப் பிடித்தால் அசல் ஓடிவிடுகிறது. ஒரு பக்கம் முடிப்பதற்குள் கண்ணில் தண்ணீர் கொட்டியது. அது மங்கலால் வந்த தண்ணீரா, அழுகையா என்று அவளுக்கே தெரியவில்லை. மற்றவர்கள் பத்துப் பக்கம் முடித்திருப்பார்கள்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் லேப்டாப்பைப் பையில் போட்டுக்கொண்டு, பழுது பார்க்கக் கடைவீதிக்குக் கிளம்பினாள். தனியாகத்தான் போக நினைத்தாள். முருகானந்தம் விடுவாரா? "எனக்கு இன்னைக்கு லீவுதானே, பஜார்ல நம்ம முகத்தைப் பாத்தா விலை குறைப்பான்" என்று சட்டையை மாட்டிக்கொண்டார். ஒன்றாம் நம்பர் பஸ் ஏறி, சத்திரம் பஸ் ஸ்டாண்டில் இறங்கி நடந்தார்கள். வழி முழுவதும் அவர் பேசிக்கொண்டே வந்தார். அவள் காதில் ஒன்றும் ஏறவில்லை. பழுது சரியாகவில்லை என்றால் நாளைக்கு அறிவுமதிக்கு என்ன சொல்வது என்பதிலேயே மனசு சுற்றிச்சுற்றி வந்தது.

சந்துக்குள் இருந்த சர்வீஸ் கடையில் வஹீதா என்ற பெண் உட்கார்ந்திருந்தாள். கேட்டதும் கேபிளைச் செருகிப் பார்த்தாள். "முழுசா உள்ள போகலையேக்கா. லேசா ஆடுது பாருங்க." விளக்கை இழுத்து, லென்ஸ் வைத்துப் பார்த்தவள் குபீரென்று சிரித்துவிட்டாள். ஊசி மாதிரி ஒன்றை விட்டுக் கிளறினாள். மஞ்சளாகப் பொடி உதிர்ந்தது. மூக்கருகே கொண்டுபோனாள்.

"அக்கா, சந்தனம்! உள்ள கெட்டியா காஞ்சு கெடக்கு. கேபிளால வேற குத்திக்குத்தி அடைச்சிருக்கீங்க."

முருகானந்தம் தொடையைத் தட்டிச் சிரித்தார். "பாத்தீங்களா கூத்தை! லேப்டாப்புக்கே மூக்கடைப்பு வர வெச்சுட்டா என் பொண்டாட்டி!" அடுத்த கடைக்காரரையும் கூப்பிடப் போனார்.

வஹீதா சிரிப்பு மாறாமலேதான் கேட்டாள். "எல்லாரும் பொட்டு வெச்சுத்தான்க்கா கொண்டு வருவாங்க. மூடி மேல வெப்பாங்க. நீங்க மூணையும் சரியா மூணு ஓட்டை மேலயே வெச்சிருக்கீங்களே. அவ்ளோ பெரிய ஓட்டை, தெரியலையாக்கா?"

"அவசரத்துல வெச்சுட்டேன்" என்று சொல்ல வாய் வரைக்கும் வந்தது. நல்ல பொய். எல்லோரும் நம்பியிருப்பார்கள். அதற்குள் முருகானந்தம் லேப்டாப்பைத் தூக்கி அவள் முகத்துக்கு நேரே நீட்டினார். "எங்க, அந்த ஓட்டையைக் காட்டு பாப்போம்" என்றார் கிண்டலாக.

அவள் விரலை நீட்டினாள். விரல் விளிம்பில் பட்டு, தடவி, தாண்டிப் போய், திரும்பி வந்து தேடியது.

முருகானந்தத்தின் சிரிப்பு அப்படியே நின்றது. ஆயிரம் புடவைக்கு நடுவில் கத்தரிப்பூ நிறத்துக்கும் நாவல்பழ நிறத்துக்கும் வித்தியாசம் சொல்கிற ஆள் அவர். தை மாதம் ஒரு கல்யாணத்துக்கு அவள் கருநீலப் புடவைக்குக் கறுப்பு ரவிக்கை போட்டு வந்தபோது, "பட்டுக்கடைக்காரன் பொண்டாட்டி பண்ற வேலையா இது" என்று பந்தியில் வைத்துச் சிரித்தவர். இப்போது அந்த விரலையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"எத்தனை நாளா?" என்றார்.

"மார்கழியிலேர்ந்து" என்றாள் அவள். பொய் வரவில்லை.

வஹீதா தலையைக் குனிந்துகொண்டு மிச்சத்தைச் சுத்தம் செய்தாள். கடை மானிட்டரில் கேபிளைப் போட்டதும் படம் பளிச்சென்று வந்தது. "வந்துடுச்சுக்கா" என்றாள் மெதுவாக. யாரும் சந்தோஷப்படவில்லை.

திரும்பி வரும்போது பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தது. முருகானந்தம் வாயே திறக்கவில்லை. இத்தனை வருஷத்தில் அந்த மனுஷன் பேசாமல் வந்து அவள் பார்த்ததில்லை. அதுதான் அவளை இன்னும் பயமுறுத்தியது. காவேரிப் பாலத்தில் பஸ் ஏறியபோது, அவள் எதற்குப் பயந்தாளோ அதை அப்படியே சொன்னார்.

"வேலையை விட்டுடு ராணி. நான் இருக்கேன்ல. நீ பேசாம வீட்டுல உக்காரு."

அவளுக்கு எங்கிருந்துதான் அவ்வளவு கோபம் வந்ததோ. "ரெண்டு நாளா மானிட்டர்ல படம் வரலை. அதுக்காக மானிட்டரைத் தூக்கித் தெருவுலயா போட்டோம்? கேபிளை மாத்தலை? கீழ்வீட்டுல கொண்டுபோய்ப் பாக்கலை? எங்க அடைச்சிருக்குன்னு கண்டுபிடிக்க பஸ் ஏறி வரலை? அதுக்கு இருக்கற மரியாதை எனக்குக் கிடையாதா? என்னைன்னா மட்டும் உடனே மூலையில வெச்சுடுவீங்களா?"

முன்சீட்டுக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவள் கவலைப்படவில்லை. முருகானந்தம் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அம்மா மண்டபம் தாண்டும்போது கேட்டார்.

"எங்கிட்ட சொல்ல இவ்வளவு பயமா உனக்கு?"

"ஆமா" என்றாள்.

திங்கட்கிழமை காலையில் மானிட்டரில் எழுத்து கட்டைவிரல் உயரத்துக்கு வந்து நின்றது. அறிவுமதி பார்த்துக்கொண்டிருக்க, விஜயராணி தன் பங்குப் பக்கங்களை முடித்தாள். ஒரே ஒரு கமா தப்பிவிட்டது. முன்பெல்லாம் தப்பாது. முடித்ததும் அவளே போன் செய்து, கண்ணில் இப்படி இருக்கிறது, பெரிய திரை இல்லாமல் தன்னால் செய்ய முடியாது என்று சொல்லிவிட்டாள். "மேல பேசிட்டுச் சொல்றேன்க்கா" என்றாள் அறிவுமதி. அந்தப் பதில் இன்னும் வரவில்லை.

மத்தியானம் தில்லை நகருக்குப் போனார்கள். டாக்டரம்மா நெடுநேரம் பார்த்தார். "இடது கண் நடுவுல போனது போனதுதான். மார்கழியிலயே வந்திருக்கலாமேம்மா. மிச்சத்தை ஊசி போட்டுக் காப்பாத்தப் பாப்போம்" என்றார். விஜயராணிக்குத் தன்மேலேயே ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. ஒரு மனுஷனுடைய வாய்க்குப் பயந்து ஒரு கண்ணின் நடுவைக் கொடுத்திருக்கிறாள். முதல் ஊசிக்கு உள்ளே போகும்போது முருகானந்தம் கதவு வரைக்கும் கூடவே வந்து நின்றார்.

யாரிடமும் சொல்ல மாட்டேன் என்று சாமி படத்துக்கு முன்னால் சத்தியம் செய்தார். மறுநாள் காலையில் பிரேமலதா ஒரு கட்டு முருங்கைக்கீரையோடு மாடி ஏறி வந்தாள். என்ன செய்வது, அது அந்த வாய்.

ஆனால் 'உக்காரு' என்ற சொல்லை மட்டும் அவர் அதற்கப்புறம் எடுக்கவில்லை. அதற்குப் பதிலாக வேறொன்று பிடித்துக்கொண்டார். கடைக்குப் போகாத நேரத்தில், அவள் வேலை செய்யும்போது ஒரு வாய் காபி குடிக்கும் நேரத்துக்கு ஒருதரம் அறைக்குள் வந்து, மானிட்டருக்கு முன்னால் குனிந்து நின்று, எழுத்தையும் அவள் முகத்தையும் மாறிமாறிப் பார்த்துக் கேட்பார்.

"தெரியுதா ராணி?"

"தெரியுதுங்க. நீங்க கொஞ்சம் தள்ளி நின்னா இன்னும் நல்லா தெரியும்."

அவர் தள்ளி நிற்பார். போக மாட்டார்.