ராஜபாளையத்தில் ஒரு கௌபாய் படம்

காலை ஒன்பதரைக்கு ஸ்ரீவில்லிபுத்தூரில் அண்ணனும் நானும் ராஜபாளையம் பேருந்தில் ஏறினோம். பன்னிரண்டு கிலோமீட்டர். அண்ணன் சவரிமுத்து கூமாப்பட்டியிலிருந்து விடிந்ததுமே என் வீட்டுக்கு வந்துவிட்டார். ராணுவத்தில் வலது காலை இழந்தவர். இரண்டு ஊன்றுகோல்களில் நடப்பவர். பழைய இத்தாலியக் கௌபாய் படமொன்றை ஒரே ஒரு காட்சி போடுகிறார்கள் என்று கேள்விப்பட்டுத்தான் இந்தப் பயணம். முகாமில் வெள்ளைத்துணி கட்டி நான்கு தடவை பார்த்த படமாம். மடவார்வளாகம் தாண்டுவதற்குள் தொடக்கத்தைச் சொல்லிவிட்டார்.

"பத்து நிமிசம் ஒருத்தனும் பேசமாட்டான்ட்டி. குதிர மட்டும் நடந்து வரும்."

பத்தரை மணிக்குத் திரையரங்கில் இரண்டு டிக்கெட் வாங்கினேன், தலைக்கு நூற்றிருபது ரூபாய். ஊன்றுகோல்களைப் பார்த்துக்கொண்டேதான் கொடுத்தார்கள். உள்ளே போனதும் மேலாளர் மறித்தார்.

"மாடிக்குப் போங்கக்கா. கீழ அடுத்த ஷோவுக்குக் கூட்டிப் பெருக்கி வச்சாச்சு. புதுப் படம், கூட்டம் வரும்."

மாடிக்கு முப்பத்திரண்டு படிகள். லிஃப்ட் கிடையாது.

"அண்ணன் ஏற முடியாது. கீழ ஓரமா ரெண்டு சீட்டு குடுங்க."

"பொறவு யாரு திரும்பக் கூட்டுவாக்கா? நாலு பேர விட்டு சாரைத் தூக்கிருவோம்."

திரும்பிப் போய்விடலாம் என்றேன். அண்ணன் மேலாளரைப் பார்த்தார்.

"என்னய ஒருதடவ தூக்கிட்டு வந்தாங்க. அப்ப எனக்கு நெனவில்ல. இப்ப இருக்கு."

முதல் படியில் உட்கார்ந்தார். கைகளை ஊன்றிப் பின்புறமாக ஒவ்வொரு படியாக ஏறினார். நான் ஊன்றுகோல்களோடு பின்தொடர்ந்தேன். மேலே போய்ச் சேர்ந்தபோது திரையில் துப்பாக்கி வெடித்துக்கொண்டிருந்தது. குதிரை வந்து முடிந்திருந்தது.

படம் முடிந்ததும் மேலாளர் மாடிக்கு வந்தார். நான் எழுந்திருக்கவில்லை.

"அந்த மொதப் பத்து நிமிசத்தப் போடுங்க. போடாம எறங்கமாட்டோம்."

"அடுத்த ஷோவுக்கு நேரமாச்சுக்கா."

"விடுட்டி" என்றார் அண்ணன்.

"விடமாட்டேன்."

புரொஜெக்டர் அறையின் துவாரத்திலிருந்து ஒரு குரல் வந்தது: "செத்த நேரம் இருங்க, போடுதேன்." போட்டார். குதிரை வந்தது. அண்ணன் முன்சீட்டைப் பிடித்தபடி பார்த்தார்.

இறங்கும்போதும் அதே படிகள், அதே கைகள். கீழே புதுப்படத்துக்கு நின்ற கூட்டம் அவரைக் கண்டதும் கைதட்டியது. மேலாளரும் சேர்ந்து தட்டினார். அவருக்குப் பின்னால் கீழ்த்தளக் கதவு அகலத் திறந்துகிடந்தது.

"தட்டாதீங்க!" என்று கத்தினேன். "அந்தக் கதவ ரெண்டு மணி நேரம் முன்ன தொறந்திருக்கலாம்ல?"



அண்ணனைக் கொண்டுவிட நானும் கூமாப்பட்டிக்குப் போனேன். அங்கே படம் எப்படியென்று கேட்டவர்களுக்கு அண்ணன் குதிரையைப் பற்றிச் சொன்னார். நான் மாடிப்படியைப் பற்றிச் சொன்னேன்.