கொலெட் கேட்டு வாங்கிய செவ்வாய்க்கிழமை

கொலெட் துரைசாமிக்கு மெதுவாக எதையும் செய்யத் தெரியாது. 1927-ஆம் வருஷம், தீவின் தலைநகரமான போர்ட் லூயியில் ஆசிரியர் சான்றிதழ் வாங்கிய அன்றுகூட, பெயரைக் கூப்பிட்டு முடிப்பதற்குள் மேடைப் படியில் பாதி ஏறிவிட்டாள். ஏறிய வேகத்தில் தடுக்கி, சான்றிதழ் கொடுக்க வந்த பெரிய மனிதரின் கையைப் பிடித்துக்கொண்டுதான் நிமிர்ந்தாள். அவளுடைய அப்பா ஆல்பெர் துரைசாமி கடைசி வரிசையில் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டார். மூன்று அர்ப்பான், அதாவது ஏறக்குறைய மூன்று ஏக்கர், கரும்பு நிலத்தை வைத்துக்கொண்டு, யாரிடமும் வாய் கொடுக்காமல் ஐம்பது வயதுவரை வந்துவிட்ட மனிதர். இப்படி ஒரு மகள் எங்கிருந்து வந்தாள் என்பது அவருக்கே புரியாத விஷயம்.

லாங் மவுண்டன் தமிழர்களில் ஆசிரியர் பரீட்சை தேறிய முதல் பெண் அவள். வயது இருபது. அந்த ஊரில் மிஷன் ஆலயத்துக்குப் போகிற குடும்பங்கள் பதினொன்று. பதினொன்றும் அன்றைக்கு நகரத்துக்கு வந்திருந்தன.

சான்றிதழ் வாங்கியவர்கள் எல்லாரும் மிஷன் பிள்ளைகள். போதகர் பாட்ரிக் அவர்களுக்கென்று ஒரு வழக்கம் வைத்திருந்தார். ஒவ்வொருவரும் மேடையிலேயே நின்று, விசுவாசத்துக்காகப் பயப்படாமல் செய்யப்போகிற ஒரு காரியத்தைச் சொல்ல வேண்டும். "படித்தவன் பயந்தால் படிக்காதவன் எங்கே போவான்? சத்தமாகச் சொல்லுங்கள். வெளியே போய் அதைச் செய்யுங்கள்" என்பார். ஒருவன் குடிக்க மாட்டேன் என்றான். ஒருத்தி தினமும் ஜெபிப்பேன் என்றாள். கொலெட் முன்னால் வந்து, கூடத்தின் கடைசி வரைக்கும் கேட்கிற குரலில் சொன்னாள்: "எங்கள் வீட்டு வண்டி ஞாயிற்றுக்கிழமை ஆலைக்குப் போகாது. நான் ஆலைக்காரர்களிடம் போய் நேரில் கேட்பேன்!"

கூடம் கைதட்டி ஓய நேரமாயிற்று. ஆல்பெர் மறுபடி கண்ணை மூடிக்கொண்டார்.

பயப்பட அவருக்குக் காரணம் இருந்தது. அந்த வருஷம் விளைச்சல் அதிகம். ஆலை வாரத்தில் ஏழு நாளும் ஓடியது. எந்த விவசாயி எந்த நாளில் கரும்பு கொண்டுவர வேண்டும் என்று ஆலை முற்றத்துப் பலகையில் எழுதியிருக்கும். முந்தின நாள் வெட்டிய கரும்பைத்தான் எடுப்பார்கள். அதற்கு முன்னால் வெட்டியது என்றால் வண்டியோடு திருப்பி அனுப்பிவிடுவார்கள். முறையைத் தவறவிட்டால் பட்டியலின் கடைசிக்குப் போய், கரும்பு வயலிலேயே காய வேண்டியதுதான். ஆல்பெரின் முறை அக்டோபர் மாதத்து ஒரு ஞாயிற்றுக்கிழமையில் விழுந்திருந்தது.

இன்னொரு காரணமும் உண்டு. ஊர்ப் பள்ளிக்கூடத்தில் கொலெட்டுக்கு ஆசிரியை வேலை ஏறக்குறைய முடிவாகியிருந்தது. பள்ளிக் கமிட்டிக்குத் தலைவர் ஆலையின் மேலாளர். நேர்காணலுக்குப் போனபோது அவர் சொன்னது ஒன்றே ஒன்று: ஆசிரியை என்றால் மரியாதை வேண்டும், இனிமேல் அவளைக் கரும்பு வயலில் யாரும் பார்க்கக் கூடாது. கொலெட் சந்தோஷமாகத் தலையாட்டினாள். கரும்பு வயலை விட்டு வெளியே வரத்தானே இத்தனை வருஷம் சிம்னி விளக்கில் கண்ணைக் கெடுத்துக்கொண்டாள்!

இருந்தாலும் சொன்னதைச் செய்தாள். அடுத்த வாரமே, மேடையில் உடுத்திய அதே வெள்ளை உடுப்பில் ஆலை முற்றத்துக்குப் போனாள். இருபது வண்டிகள் வரிசையில் நின்றன. முற்றத்தைக் கவனிக்கிற முசே ஜில்பெர் ஒரு கையில் சுருட்டும் ஒரு கையில் சாக்கட்டியுமாகப் பலகை அருகில் இருந்தார். கொலெட் பரீட்சைக்குப் படித்த பிரெஞ்சையெல்லாம் கொட்டினாள். ஞாயிறு கடவுளுடைய நாள் என்றாள். மறுக்க ஒரு காரணம் சொல்லுங்கள் என்றாள். வண்டிக்காரர்கள் மாட்டை மறந்து வேடிக்கை பார்த்தார்கள்.

ஜில்பெருக்குக் கோபத்தைவிடச் சிரிப்புதான் அதிகம் வந்தது. "சரி மத்மசேல். பக்கத்து நிலத்து வீரசாமிக்குச் செவ்வாய்க்கிழமை. மாற்றி எழுதுகிறேன்" என்று அழித்து எழுதினார். "ஆனால் இந்த ஒரு தடவைதான். இன்னொரு முறை பலகையைத் தேடி வந்தால், உங்கள் வேலையைப் பற்றிக் கமிட்டிதான் பேசும்."

அவள் வீட்டுக்கு ஓடியே வந்தாள். செங்கடல் அவளுக்காகவே பிளந்த மாதிரி இருந்தது. வழியில் எதிர்ப்பட்ட வீரசாமியிடம், "மாமா, உங்களுக்கு ஞாயிறு மாத்திருக்கு, எங்களுக்குச் செவ்வாய்!" என்று மூச்சிரைக்கச் சொன்னாள். வீரசாமி பேசுவதே அபூர்வம். ஒரு நிமிஷம் அவளைப் பார்த்துவிட்டு, "செரி புள்ள" என்றார். அவ்வளவுதான். அந்த ஒரு நிமிஷத்தில் என்ன இருந்தது என்று கொலெட் நின்று யோசிக்கவில்லை.

வீரசாமியும் அவர் மனைவி பாக்கியமும் பெருமாளைக் கும்பிடுகிறவர்கள். புரட்டாசி மூன்றாம் சனிக்கிழமை அவர்கள் வீட்டில் கோவிந்தன் விருந்து. காலையில் வீரசாமி நெற்றியில் நாமம் போட்டுக்கொண்டு, செம்போடு வீடு வீடாகப் போய்க் கோவிந்தா சொல்லி அரிசி வாங்கி வருவார். அன்றைக்கு அவர் கத்தியைத் தொடுவதில்லை. மத்தியானம் படையல் முடிந்து ஊரே வாழை இலை போட்டுச் சாப்பிடும். கொலெட்டும் நினைவு தெரிந்த நாளிலிருந்து அங்கே சாப்பிட்டவள்தான். பாக்கியம் அத்தை துரைசாமி வீட்டாருக்கு மட்டும் அடுப்போரத்துச் சின்னப் பானையிலிருந்து பரிமாறுவாள். தனக்கென்று நெய் கூட விட்டு ஆக்கியது என்று கொலெட் சின்ன வயதிலிருந்தே பெருமையடித்துக்கொள்வாள்.

இவ்வளவும் தெரிந்தவளுக்கு ஒரு கணக்கு மட்டும் போடத் தெரியவில்லை. வெள்ளிக்கிழமை சாயங்காலம், நாளைய விருந்துக்குக் காய் நறுக்கிக் கொடுக்கலாம் என்று அத்தை வீட்டுக்குப் போனாள். பாக்கியம் கழுவிய பெரிய பாத்திரங்களைத் திரும்பப் பரணில் ஏற்றிக்கொண்டிருந்தாள்.

"என்ன அத்தை, எறக்காம ஏத்துறீங்க?"

"இந்த வருஷம் விருந்து இல்லம்மா. சும்மா வெளக்கு மட்டும் ஏத்திக்கலாம்னு இருக்கோம்."

"ஏன்?"

பாக்கியம் பாத்திரத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தாள். கேட்டவள் விடுகிற ஆளில்லை. கடைசியில் மெதுவாகச் சொன்னாள்: "ஞாயித்துக்கெழம வண்டி போகணும்னா, சனிக்கெழம வெட்டணும் இல்லையா? மாமா விடியறதுக்குள்ள வயலுக்குப் போறாரு. நீ மனசுல வச்சுக்காத. உனக்கு ஒண்ணும் சொல்லக் கூடாதுன்னு சொல்லியிருக்காரு."

கொலெட் கரும்பு வீட்டில் பிறந்தவள்! முந்தின நாள் வெட்ட வேண்டும் என்பது தெரியாதா? தெரியும். மூன்றாம் சனிக்கிழமை தெரியாதா? அதுவும் தெரியும். ஆனால் அவளுக்கு அது அத்தை வீட்டில் நன்றாகச் சாப்பிடுகிற நாள். அவர்களுக்கு அது விரத நாள், கை வேலை செய்யாத நாள் என்பதை அவள் ஒருபோதும் நினைத்துப் பார்க்கவில்லை. தன் ஞாயிற்றுக்காகக் கூச்சல் போட்ட வாயால், பக்கத்து வீட்டின் சனியைப் பறித்துவிட்டாள். வெட்கம் தாங்காமல் அழுதாள். பாக்கியம் கையைத் துடைத்துக்கொண்டு வந்து முதுகைத் தடவியது இன்னும் மோசமாக இருந்தது.

ஆலை முற்றம் அதற்குள் பூட்டியாயிற்று. வீட்டுக்கு வந்து அப்பாவிடம் சொன்னாள். ஆல்பெர் வெகுநேரம் தலையைச் சொறிந்தார்.

"நானு போய் வெட்டிக் குடுக்கறேன். ஆலயத்து ஆளுங்களையும் கூப்பிடறேன். நீ வராத."

"தப்பு பண்ணினது நான்."

"திங்கக்கெழம கமிட்டி கையெழுத்து போடுது, கொலெட். வயல்ல பாக்கக் கூடாதுன்னு அவரு வாயாலயே சொன்னாரு. ஒரு நாள் வீட்டுல இரேன்."

"மேடையில ஏறிப் பயப்பட மாட்டேன்னு கத்தினேனே பப்பா, எல்லாரும் கேட்டாங்களே! நீங்கல்லாம் வெட்டுவீங்க, நான் ஜன்னல் சாத்திட்டு உள்ள உக்காந்திருக்கணுமா?"

அவள் ஆலயத்துக்குப் போகிற மற்றப் பத்து வீட்டுக்கும் நடந்தாள். ஒவ்வொரு வாசலிலும் நின்று, தான் செய்ததை மறைக்காமல் சொன்னாள். சிலர் உச்சுக்கொட்டினார்கள். ஒருவர், விக்கிரக பூஜைக்கு நாம் ஏன் கை கொடுக்க வேண்டும் என்று கேட்டார். "பூஜைக்கு இல்லை அண்ணே, கரும்புக்கு. அவங்க நாளை நான் எடுத்துட்டேன், திருப்பிக் குடுக்கணும்" என்றாள். அந்த அண்ணன் வரவில்லை. ஆனால் எட்டுப் பேர் வருவதாகச் சொன்னார்கள்.

சனிக்கிழமை விடிந்ததும் வீரசாமி கத்தியோடு வயலுக்கு வந்தார். வந்தவர் வரப்பிலேயே நின்றுவிட்டார். இரண்டு வரிசை ஏற்கெனவே சாய்ந்து கிடந்தது. ஆல்பெர் வெட்டிக்கொண்டிருந்தார், இரண்டு பெண்கள் கரும்பின் காய்ந்த சோகையை உரித்துக்கொண்டிருந்தார்கள், கொலெட் பழைய பாவாடையும் தலையில் துணியுமாக நேராக அவரிடம் வந்து கை நீட்டினாள்.

"மாமா, அந்தக் கத்தியக் குடுங்க. எங்ககிட்ட ஒண்ணு கொறையுது. நீங்க குளிச்சுட்டு நாமம் போட்டுக்குங்க. கரும்பு எங்க பாடு."

வீரசாமி கத்தியைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். கத்தியைக் கொடுத்துவிட்டுத் திரும்பி நடந்தார். கொஞ்ச நேரத்தில் தெருவிலிருந்து அவருடைய "கோவிந்தா!" கேட்டது. அந்த ஊமை மனிதருக்கு இவ்வளவு பெரிய குரலா என்று வயலில் இருந்தவர்கள் சிரித்தார்கள். கொலெட்டுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. மற்றவர்கள் ஒரு ஞானப்பாட்டை எடுத்தார்கள். கரும்பு சரசரவென்று விழுந்தது.

பத்து மணிக்குக் குதிரைக் குளம்புச் சத்தம். முசே ஜில்பெர் வயல்களைப் பார்க்க வந்துகொண்டிருந்தார். "குனிஞ்சுக்கோ!" என்றார் ஆல்பெர். கரும்பு ஆள் உயரத்துக்கு மேல் நின்றது. குனிந்தால் போதும், யாருக்கும் தெரியாது, திங்கட்கிழமை கையெழுத்து விழும். அவள் வரப்புக்கு வந்து, தலைத்துணியைச் சரிசெய்துகொண்டு நின்றாள்.

ஜில்பெர் குதிரையை நிறுத்தினார். "ஆசிரியை வேலை கேட்ட மத்மசேல்தானே?"

"நான்தான் முசே. அன்றைக்கு உங்களிடம் வந்து என் கடவுளின் நாளைக் கேட்டேன். கேட்ட அவசரத்தில் இவர்களுடைய நாளைப் பிடுங்கிவிட்டேன். அதைத் திருப்பிக் கொடுத்துக்கொண்டிருக்கிறேன்."

"இதைக் கமிட்டியில் சொல்ல வேண்டியிருக்கும்."

"சொல்லுங்கள். இல்லாவிட்டால் நானே சொல்வேன்."

அவர் போனதும் அவளுக்கு மனசு துள்ளியது. மேடையில் கைதட்டு வாங்கியபோதுகூட இப்படித் துள்ளவில்லை.

திங்கட்கிழமை என்ன நடந்தது என்று கேட்பீர்கள், இங்கேயே சொல்லிவிடுகிறேன். கமிட்டி கையெழுத்துப் போடவில்லை. வேலை வேறொரு பெண்ணுக்குப் போனது. கொலெட் பதினோரு மாதம் வேலையில்லாமல் ஆலயத்துப் பின்கட்டில் பிள்ளைகளுக்குச் சும்மா சொல்லிக்கொடுத்தாள். அந்தப் பெண் பாம்ப்ளமூஸுக்குக் கல்யாணமாகிப் போன பிறகுதான் இவளைக் கூப்பிட்டார்கள். ஆனால் செவ்வாய்க்கிழமை காலையில் ஒரு வேடிக்கை நடந்தது. ஆல்பெரின் வண்டியோடு வீரசாமியும் ஆலை முற்றத்துக்குப் போனார். பலகையின் முன்னால் நின்று, எல்லா வண்டிக்காரர்களும் கேட்க, "அடுத்த வருஷம் புரட்டாசியில எனக்கு ஞாயித்துக்கெழம போடாதீங்க முசே. ஆல்பெருக்கு எப்பவுமே போடாதீங்க" என்றார். அதற்குப் பிறகு ஒவ்வொருத்தராக வாயைத் திறந்தார்கள். மறு வருஷம் பலகை எழுதுவதற்கு முன்னால் ஜில்பெர், யாருக்கு எந்த நாள் ஆகாது என்று கேட்டு வரச் சொல்லி ஆள் அனுப்பினார். ஆள் வந்தது கொலெட்டிடம்தான்.

இனி அந்தச் சனிக்கிழமைக்கு வருவோம். கடைசிக் கட்டு வண்டியில் ஏறியபோது மத்தியானம் சாய்ந்துவிட்டது. பாக்கியம் பாத்திரங்களை மறுபடி பரணிலிருந்து இறக்கி, விருந்தைச் சமைத்து முடித்து, வெட்டியவர்களுக்காகக் காத்திருந்தாள். பத்துப் பேரும் கை கால் கழுவிக்கொண்டு இலை முன்னால் உட்கார்ந்தார்கள். கொலெட்டின் உள்ளங்கை முழுக்கக் கொப்பளம். பாக்கியம் அடுப்போரத்திலிருந்து பானையை எடுத்து வந்தாள். இந்தத் தடவை அது சின்னப் பானை இல்லை, பெரியது. வெட்டிய பத்துப் பேருக்கும் அதிலிருந்தே பரிமாறினாள்.

"என்ன அத்தை, இன்னிக்கு எல்லாருக்கும் ஸ்பெஷலா? எனக்கு மட்டுந்தான் நெய் கூட ஊத்துவீங்கன்னு நெனச்சேன்" என்றாள் கொலெட்.

"நெய்யா?" பாக்கியம் சிரித்தாள். "அதெல்லாம் இல்ல. இது படையலுக்கு முன்னாடியே தனியா எடுத்து வச்சதும்மா. சாமிக்குப் படைச்சத நாங்க சாப்பிடறதில்ல அக்கான்னு உங்கம்மா பொன்னம்மா ஒரு தடவ சொல்லிச்சு. பாவம், அத வாய் விட்டுச் சொல்லவே அது அவ்வளவு கூசிச்சு. நீ அப்ப மடியில இருந்த. அதுலேர்ந்து உங்க வீட்டுக்குன்னு தனியா எடுத்து வச்சுடுவேன். இன்னிக்கு உங்க ஆளுங்க பத்துப் பேராச்சே, அதான் பெரிய பானை."

கொலெட்டின் கை இலையிலேயே நின்றது. அம்மா போய்ப் பன்னிரண்டு வருஷம் ஆகிவிட்டது. அதற்குப் பிறகும் ஒவ்வொரு புரட்டாசியிலும் அந்தப் பானை அடுப்போரத்தில் இருந்திருக்கிறது. தன் விசுவாசத்தை அவள் மேடையேறிச் சொன்னது போர்ட் லூயி முழுக்கக் கேட்டது. அதைக் காப்பாற்றிக் கொடுத்ததைப் பாக்கியம் இருபது வருஷமாக ஒருவரிடமும் சொன்னதில்லை.

"சாப்பிடு புள்ள, ஆறுது" என்றார் வாசலில் நின்ற வீரசாமி.

அவள் கொப்பளம் போட்ட கையாலேயே பிசைந்து சாப்பிட்டாள். இரண்டு தடவை சோறு கேட்டு வாங்கினாள்.