ஃபெட்லிங் தசரதனின் வயது

தசரதனை இரண்டு பேர் கைத்தாங்கலாக ஃபர்ஸ்ட் எய்ட் ரூமுக்குக் கொண்டுவந்தார்கள். அடி எதுவும் படவில்லை. கேன்டீனிலிருந்து செக்‌ஷனுக்கு நடந்திருக்கிறார், பாதி வழியில் மூச்சு நின்றாற்போல் ஆகிவிட்டது. உதடு நீலம் பாரித்திருந்தது.

"இன்னான்னு தெரியல சிஸ்டர். நெஞ்சுல கல்ல வச்சா மாதிரி கீது" என்றார்.

அப்போது நான் கும்மிடிப்பூண்டியில் இரும்பு வார்க்கும் ஒரு ஃபவுண்டரியில் நர்ஸ். தசரதன் கவரைப்பேட்டைக்காரர். ஃபெட்லிங் செக்‌ஷனில் வேலை. வார்ப்பில் ஒட்டிய மணலைத் தட்டி எடுத்து, பிசிறைக் கிரைண்டரில் தேய்க்க வேண்டும். அந்த ஷெட்டில் வெயில் விழும் இடத்தில் தூசி அப்படியே நிற்கும். மூக்குக்குக் கைக்குட்டைதான். அவருக்கு நாற்பத்திரண்டு வயது. புதிதாக வந்தவர்கள் தாத்தா என்றே கூப்பிட்டார்கள்.

வாரம் ஒருமுறை வரும் கம்பெனி டாக்டர், "வயசாவுதில்ல, டானிக் குடும்மா" என்று முடித்துவிட்டார். நான் விடாமல் கேட்டதில், சென்னையில் நெஞ்சு நோய் டாக்டரிடம் காட்ட கம்பெனியில் ஒப்புக்கொண்டார்கள். தசரதனோடு அவர் மனைவி சுசீலாவும் நானும் போனோம். பர்சனல் மேனேஜரும் வந்தார். அக்கறை என்று நினைத்தேன்.

டாக்டர் எக்ஸ்ரேயைப் பார்த்துவிட்டு சுசீலாவிடம் பேசினார்.

"மணல் தூசி நுரையீரலைத் தழும்பாக்கிடுச்சும்மா. செல் அடிபட்டா, பக்கத்து செல் ரெண்டா பிரிஞ்சு அந்த இடத்தை ஆத்தும். திரும்பத் திரும்ப அடிபட்டா சில செல்லு பிரியறதையே நிறுத்திடும். சாகவும் சாகாது. அங்கயே உக்காந்து, சுத்தி இருக்கிற நல்ல செல்லையும் புண்ணாக்கும். நமக்கு வயசாகும்போது உடம்பு பூரா மெதுவா நடக்கிறது, இவர் நுரையீரல்ல இப்பவே நடந்திருக்குன்னு நெனைக்கிறேன். ஆராய்ச்சி இன்னும் முடியல. ஆனா இவரை உடனே தூசியிலிருந்து எடுங்க."

"அப்ப வயசுதான் காரணம், இல்லியா சார்?" என்றார் மேனேஜர்.

"தூசி குடுத்த வயசு" என்றார் டாக்டர்.

அதில் கடைசிச் சொல்லை மட்டும் மேனேஜர் எடுத்துக்கொண்டு வந்தார்.

மறுவாரம் தசரதனைக் கூப்பிட்டு, "பெரிய டாக்டரே வயசுன்னு சொல்லிட்டாரு. வேலைய உட்டுட்டு ஊட்ல ரெஸ்ட் எடுப்பா" என்றார்.

"தூசின்னுதான் சார் சொன்னாரு. தூசி இல்லாத ஸ்டோர்ஸுக்கு மாத்துங்க" என்றேன், கூடப் போயிருந்த நான்.

"சிஸ்டர், நீங்க கட்டு கட்டுற வேலையப் பாருங்க."

தசரதன் சண்டை போடவில்லை. வெளியே வந்து என்னிடம் சொன்னார்: "எங்க நைனா இன்னும் சைக்கிள்ல சோழவரம் போய்க்கினு வந்துக்கினு கீறாரு சிஸ்டர். எனக்கு வயசாயிடிச்சாம்."

அடுத்த மழைக்காலத்தில் இறந்துபோனார். கம்பெனியிலிருந்து ஒரு மாலை வந்தது.

நர்ஸ் வேலைக்கு வரும் பெண்களுக்கு ஒன்று சொல்வேன். வயசுதான் காரணம் என்று யார் சொன்னாலும், அந்த வயதை அவருக்குக் கொடுத்தது எது என்று நாலு பேர் காதில் விழும்படி கேளுங்கள். மேலே இருப்பவர்கள் பதில் சொல்ல மாட்டார்கள். ஆனால் நான் கேட்க ஆரம்பித்த பிறகு, ஃபெட்லிங்கிலிருந்து இரண்டு பேர் தாங்களாகவே வந்து எக்ஸ்ரே எடுக்கச் சொன்னார்கள்.

இருவருக்குமே முப்பத்தைந்து ஆகியிருக்கவில்லை.