வாயில் தண்ணீரோடு வாசித்த பம்பை

எனக்கு வாய் அதிகம் என்று வீட்டில் சொல்வார்கள். அது அபாண்டம். பம்பை வாசிக்கும்போது மட்டும்தான் நான் கத்துவேன். மாதேஸ்வரன் மலை ஊர்வலத்தில் வாசிக்கிற எல்லோரும் அப்படித்தான். ஒரு சுற்று அடித்துச் சட்டென்று நிறுத்துவோம். நிறுத்திய இடத்தில் "உகே" என்று குரல் கொடுத்தால், பின்னால் வரும் கூட்டம் "உகே மாதப்பா" என்று திருப்பிக் கொடுக்கும். முருகன் கோயிலில் அரோகரா போல, எங்கள் சாமிக்கு இது.

தொண்ணூறுகளின் நடுவில், மலைக்கு வரும் தமிழ் பக்தர்களுக்காக ஒரு கேசட் போட மைசூர்க்காரர் ஒருவர் என்னைக் கூப்பிட்டார். அப்போது மைசூர் மண்டி மொஹல்லாவில் ஒரு மொத்த மளிகைக் கடையில் வேலை பார்த்தேன். கேசட்டில் என் பம்பை வரப்போகிறது என்று என் மனைவி சந்து முழுக்கச் சொல்லி முடித்துவிட்டாள்.

ஸ்டுடியோ அறை குளுகுளுவென்று இருந்தது. பாட்டை முன்பே பதிவு செய்திருந்தார்கள். ஹெட்போனில் அதைக் கேட்டுக்கொண்டு நான் அடிக்க வேண்டும், அவ்வளவுதான். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்த ரெக்கார்டிஸ்ட் கையைக் காட்டினார். முதல் சுற்று முடிந்தது. "உகே" என்றேன்.

அவர் டேப்பை நிறுத்தினார். மறுபடி ஆரம்பித்தோம், மறுபடி கத்தினேன். முதலில் எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். போகப்போக கேசட்காரர் மூலையில் இருந்த ரிதம் மெஷினைப் பார்க்க ஆரம்பித்தார். அது கத்தாது, இன்னொரு தடவை தப்பினால் அதையே போட்டுவிடலாம் என்று கன்னடத்தில் சொன்னார். சந்தில் அத்தனை பேரும் கேசட் வாங்கி மெஷினைக் கேட்பார்களே. நுணலும் தன் வாயால் கெடும் என்பது எனக்காகவே சொன்னது.

ரெக்கார்டிஸ்ட் ஒரு சொம்புத் தண்ணீரோடு உள்ளே வந்தார். கன்னடக்காரர், என்னிடம் மட்டும் தமிழில் பேசுவார்.

"உங்க கை மட்டும் போதும் அண்ணா, வாய் பேடா, வேண்டாம். இதை வாயில வெச்சுக்கிட்டு வாசிங்க."

கன்னம் இரண்டும் உப்பிப்போய் வாசித்தேன். நிறுத்துகிற இடத்திலெல்லாம் "உகே" தொண்டைவரை வந்து தண்ணீரில் முட்டித் திரும்பியது. பாட்டு முடிந்ததும் அவர் கட்டைவிரலைக் காட்ட, மடக்கென்று விழுங்கினேன். போட்டுக் காட்டினார்கள். அடி ஒவ்வொன்றும் மணியாக விழுந்திருந்தது. நிறுத்திய இடங்கள் மட்டும் பல் விழுந்த வாய் மாதிரி ஓவென்று கிடந்தன. சுத்தமாக வந்திருக்கிறது என்றார் ரெக்கார்டிஸ்ட். சரி, வந்தவரைக்கும் போதும் என்று பம்பையை எடுத்துக்கொண்டு கிளம்பினேன்.

அந்தத் தீபாவளிக்கு மலைக்குப் போனோம். கொள்ளேகாலில் ஏறிய பஸ்ஸில் டிரைவர் அந்தக் கேசட்டைப் போட்டார். என் மனைவி பக்கத்துச் சீட்டு அம்மாவிடம் என்னைக் காட்டி ஏதோ சொன்னாள். முதல் சுற்று முடிந்து பம்பை நின்றது. நான் பழக்கதோஷத்தில் உதட்டை இறுக்கிக்கொண்டேன்.

பின்சீட்டிலிருந்து யாரோ "உகே" என்றார். பஸ் மொத்தமும் "உகே மாதப்பா" என்றது. சீட்டுக் கிழித்துக்கொண்டிருந்த கண்டக்டரும் சேர்ந்துகொண்டார். அடுத்த சுற்றிலும் அதேதான். சந்தோஷத்தில் எனக்கு அழுகையே வந்துவிட்டது.

மனைவி முழங்கையால் இடித்தாள். "வாயில இன்னும் தண்ணியவா வெச்சிருக்கீங்க?"

அதற்கடுத்து பம்பை நின்றபோது, ஸ்டுடியோவில் விழுங்கியதையெல்லாம் சேர்த்து ஒரே கத்தாகக் கத்தினேன்.