சிக்கந்தர் வைத்த பத்தொன்பது நோன்பு

சுஃபியாவுக்குக் கோபமே வராது என்று கோரிப்பாளையத்தில் அவளுக்கு ஒரு பெயர் உண்டு. கல்யாணமாகி வந்த பதினான்கு வருடத்தில் குழாயடியில்கூட ஒரு சொல் உரக்கப் பேசியவள் இல்லை. யாராவது சண்டைக்கு வந்தால் குடத்தை எடுத்துக்கொண்டு ஒதுங்கிவிடுவாள். மற்ற வீட்டு மருமகள்களுக்கு அவளைத்தான் உதாரணம் காட்டுவார்கள். அந்த நல்ல பெயரை வாங்கியதற்காக அவள் இப்போது தன்னைத்தானே திட்டிக்கொள்கிறாள். வாயைத் திறக்காமல் இருந்து சம்பாதித்த பெயர் அது. அதற்கு விலை கொடுத்தது அவள் புருஷன்.

சிக்கந்தருக்கு மோட்டார் காயில் கட்டும் தொழில். கருகிப்போன மிக்ஸியும் தண்ணீர் மோட்டாரும் அவன் கடை வாசலில் வரிசைகட்டி நிற்கும். கிணற்று மோட்டாரை லோடு ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு உசிலம்பட்டிப் பக்கமிருந்தெல்லாம் ஆள் வரும். நான்கு வருடத்துக்கு முன்பு செம்புக் கம்பி வாங்கக் கோயம்புத்தூர் போனவன் திரும்பி வரவில்லை. ஒரு வாரம் கழித்துப் போலீஸ்காரர் ஒருவர் போன் செய்தார். அங்கே ஒரு நாற்சந்தியில் நின்று போக்குவரத்தை ஒழுங்குசெய்துகொண்டிருந்தானாம். உறக்கமும் இல்லை, சாப்பாடும் இல்லை, பேச்சு மட்டும் நிற்கவில்லை. கொண்டுபோன கம்பிப் பணத்தை வழியில் போனவர்களுக்கெல்லாம் வாரிக் கொடுத்திருந்தான்.

மருத்துவர்கள் அதற்கு இருமுனை மனநோய் என்று பேர் சொன்னார்கள். மனசு ஒரு சமயம் தாறுமாறாக எகிறும், இன்னொரு சமயம் பாதாளத்தில் விழும். லித்தியம் என்ற மாத்திரையை விடாமல் சாப்பிட்டால் மற்றவர்களைப் போல வாழலாம், ஆனால் தண்ணீர் நிறையக் குடிக்க வேண்டும், ரத்தத்தை அவ்வப்போது சோதித்துப் பார்க்க வேண்டும் என்றார்கள். ஒரு மாதத்தில் சிக்கந்தர் பழைய சிக்கந்தராக மதுரைக்கு வந்து சேர்ந்தான். கோயம்புத்தூரில் ஒரு பெரிய வேலை கிடைத்துத் தங்கிவிட்டான் என்று தெருவுக்குச் சொல்லி முடித்திருந்தார் அவனுடைய அண்ணன் அப்துல் ரசாக்.

ரசாக் கெட்டவர் இல்லை. அதுதான் எரிச்சல். கெட்டவராக இருந்திருந்தால் சுஃபியா முதல் நாளே முறைத்திருப்பாள். கோயம்புத்தூருக்கு ஓடியதும் அவர்தான், ஆஸ்பத்திரியில் தம்பி கட்டிலுக்குக் கீழே துண்டை விரித்துப் படுத்ததும் அவர்தான். ஆனால் விஷயம் வெளியில் போகக்கூடாது. மாத்திரை அட்டையைப் பிரித்து, சத்து மாத்திரை டப்பாவில் கொட்டி வைக்கச் சொன்னதும் அவர்தான். சுஃபியா தலையை ஆட்டினாள். நல்ல மருமகள் அல்லவா!

ரமலான் மாதம் வந்தால்தான் பாடு. நோயாளிக்கு நோன்பு கட்டாயமில்லை. விட்ட நோன்பு ஒவ்வொன்றுக்கும் ஒரு ஏழைக்குச் சாப்பாடு கொடுத்தால் போதும். மார்க்கம் அவ்வளவு தெளிவாகச் சொல்லியிருக்கிறது. ஆனால் கடைவாசலில் கல்லு மாதிரி உட்கார்ந்திருக்கும் ஆம்பளை தண்ணீர் குடித்தால், என்ன சீக்கு என்று நாலு பேர் கேட்பார்களே? சர்க்கரை என்றால் கௌரவமாகச் சொல்லலாம். இருதயம் என்றால் இன்னும் கௌரவம். இதை எப்படிச் சொல்வது? அதனால் மூன்று ரமலானும் திருட்டுத்தனமாகவே கழிந்தன. மதியம் சிக்கந்தர் எதையோ எடுக்க வருவதுபோல வீட்டுக்கு வருவான். வாசனை தெருவுக்குப் போய்விடுமே என்று தாளிக்காத குழம்பை ஊற்றிக் கொடுப்பாள் சுஃபியா. பாத்திரம் சத்தம் போடாமல் கழுவ வேண்டும். அத்தாவும் நோன்புதான் என்று வெளியில் சொல்லப் பிள்ளைகள் இரண்டையும் பழக்கி வைத்திருந்தாள். அல்லாஹ் மன்னித்த ஒன்றுக்காகத் தெருவுக்குப் பயந்து பிள்ளைகளைப் பொய் சொல்லவைத்த வீடு அது.

இந்த வருடம் ரசாக்கின் மகளுக்கு மாப்பிள்ளை முடிவாகியிருந்தது. மாப்பிள்ளையின் மாமா கடை வைத்திருப்பதோ சிக்கந்தரின் கடைக்கு நேர் எதிரே. நோன்பு தொடங்குவதற்கு நான்கு நாளைக்கு முன்பு ரசாக் வீட்டுக்கு வந்தார்.

"இந்தத் தடவை தம்பி முப்பது நோன்பும் வைக்கட்டும் சுஃபியா. அந்த ஆளு எதிர்க்கடையிலேயே உக்காந்து பாத்துக்கிட்டு இருப்பாரு."

"மாத்திரை சாப்பிடுற ஆளு மச்சான். தண்ணி குடிக்காம இருக்கக் கூடாதுன்னு டாக்டர் சொல்லியிருக்காரு."

"விடியிறதுக்கு முன்னாடி சஹர் சாப்பாட்டுல மாத்திரை ஒண்ணு, நோன்பு தொறந்து ஒண்ணு. தண்ணியை அப்ப மொத்தமாக் குடிச்சிக்கிட்டாப் போச்சு. இம்புட்டு நாளு நல்லாத்தான இருக்கான்? ஒரு மாசத்துல என்ன ஆயிறப் போகுது?"

சிக்கந்தர் சிரித்தான். "எனக்கும் ஆசைதான் சுஃபியா. மூணு வருசமா நோன்பு தொறக்கிற எடத்துல வேசம் போட்டு உக்காந்துருக்கேன்" என்றான். சுஃபியா மறுபடியும் தலையை ஆட்டினாள்.

இருந்தாலும் மனசு கேட்காமல் மறுநாள் அரசு ஆஸ்பத்திரிக்குப் போனாள். மனநலப் பிரிவில் அன்றைக்கு ஒரே ஒரு டாக்டர். அவருக்கு முன்னால் இருநூறு பேர். உட்கார வைத்துப் பேசி விளக்குவதற்கு ஒருவர் இருக்க வேண்டுமாம். அந்த இடம் காலியாகி இரண்டு வருடமாகிறது, அறைக்குப் பூட்டுப் போட்டிருந்தது. வரிசையில் அவளுக்கு முன்னால் முக்காட்டை மூக்கு வரைக்கும் இழுத்துவிட்டு நின்றவள் பக்கத்து வீட்டு ஹஃபீஸா. இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். இருவரும் பார்க்காததுபோலச் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார்கள். மூன்று மணி நேரம் அப்படியே நின்றார்கள்.

சுஃபியா உள்ளே போனதும் டாக்டர் சீட்டை வாங்கி, "தூங்குறாரா? கோவப்படுறாரா? சரி, அதே மாத்திரை" என்று எழுதிவிட்டார்.

"சார், நோன்பு..."

"நேரத்தை மட்டும் மாத்திக்குங்க. அடுத்த ஆள் வரலாம்."

ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. அந்த மனிதரையும் குறை சொல்லி என்ன செய்வது? இருநூறு பேருக்கு ஒரு வாயையும் ஒரு பேனாவையும் கொடுத்து உட்கார்த்தி வைத்தவர்களை அல்லவா கேட்க வேண்டும்? ரத்தச் சோதனை பற்றி அவர் கேட்கவில்லை. கேட்க வேண்டும் என்று இவளுக்கும் தோன்றவில்லை.

முதல் பத்து நோன்பும் நன்றாகவே போயின. எதிர்க்கடைக்காரர் சலாம் சொன்னார். ரசாக் முகத்தில் வெளிச்சம் வந்தது. பத்தாவது நாளுக்குப் பிறகு சிக்கந்தருக்குத் தலைவலி. தகரக் கூரைக்குக் கீழே நாள் முழுக்கத் தண்ணீரில்லாமல் உட்கார்ந்தால் வராதா? மருந்துக் கடையில் வலி மாத்திரை வாங்கி, தினமும் நோன்பு திறந்ததும் போட்டுக்கொண்டான். வேறு ஏதாவது மாத்திரை சாப்பிடுகிறீர்களா என்று கடைக்காரர் கேட்டிருக்கிறார். இல்லை என்று சொல்லியிருக்கிறான். நான்கு வருடமாக எல்லோரிடமும் சொல்லிச் சொல்லிப் பழகிய பதில் அது.

பதினேழாவது நோன்பில் கை நடுங்கியது, கம்பி அறுந்து அறுந்து போனது. பதினெட்டில் வாந்தி. பத்தொன்பதாவது நாள் மதியம் கடையிலிருந்து எழுந்தவன் நேராக நடக்க முடியாமல் நடுத்தெருவில் தள்ளாடினான். எதையோ சொல்ல வந்தான், நாக்கு குழறியது. டீக்கடைப் பக்கம் நின்றவர்கள் சிரித்தார்கள்.

"நோன்புக் காலத்துல பட்டப்பகல்ல ஏத்திக்கிட்டு வந்திருக்கான் பாருங்கண்ணே!"

தொண்டை வறண்டு செத்துக்கொண்டிருந்த மனிதனைக் குடிகாரன் என்றது அந்தத் தெரு. ஒரு ஆட்டோக்காரர்தான் அவனைத் தூக்கிப் போட்டுக்கொண்டு சுஃபியாவிடம் வந்தார்.

அதே அரசு ஆஸ்பத்திரியின் அவசரப் பிரிவில் நுழையும்போது மணி மூன்று. டப்பாவையும் பழைய சீட்டையும் சுஃபியா கையோடு கொண்டுபோயிருந்தாள். அந்தச் சீட்டின் தலைப்பில் மனநலப் பிரிவு என்று இருந்ததுதான் தாமதம், பணியிலிருந்த டாக்டரின் முகம் மாறியது.

"மெண்டல் கேஸா? கைய காலக் கட்டுங்க. நாளைக்குக் காலையில அந்த டிப்பார்ட்மென்ட்ல வந்து பார்ப்பாங்க."

துணிப் பட்டையால் சிக்கந்தரின் இரண்டு கைகளையும் கட்டில் கம்பியோடு கட்டினார்கள். நாடி பார்க்கவில்லை. வாந்தி எத்தனை தடவை என்று கேட்கவில்லை. கால் உடைந்து வந்தவனிடம் அப்படி நடந்துகொள்வார்களா? மனசு உடைந்தவனுக்கு உடம்பே கிடையாது என்று இவர்களுக்கு யார் சொல்லிக் கொடுத்தார்கள்? சுஃபியா கெஞ்சினாள். மாத்திரை ஒத்துக்கொள்ளவில்லை போலிருக்கிறது, ரத்தம் எடுத்துப் பாருங்கள் என்று மூன்று பேரிடம் சொன்னாள். மூன்று பேரும் ஓரமாக நிற்கச் சொன்னார்கள். அதற்குள் ஓடிவந்த ரசாக் அவள் காதருகே குனிந்தார்.

"மெதுவாப் பேசு. எதிர்க்கடைக்காரரும் வந்து வெளியில நிக்கிறாரு."

அதோடு பதினான்கு வருடத்துப் பொறுமை தீர்ந்தது.

"கேட்டா கேக்கட்டும்!" என்று கத்தினாள் சுஃபியா. வார்டே திரும்பிப் பார்த்தது. "என் வீட்டுக்காரருக்கு மனநோய் இருக்கு! நாலு வருசமா மாத்திரை சாப்பிடுறாரு! தண்ணி குடிக்காம அந்த மாத்திரை ரத்தத்துல வெசமாயிருச்சு! அவரு கிறுக்குப் பிடிச்சுக் கெடக்கல, செத்துக்கிட்டு இருக்காரு! யாராச்சும் மனுசன் இருந்தா வந்து ரத்தம் எடுங்க!"

பாண்டீஸ்வரி என்ற நர்ஸ்தான் வந்தாள். சீட்டைப் படித்தாள், டப்பாவை மோந்து பார்ப்பதுபோல உற்றுப் பார்த்தாள், பேசாமல் கட்டை அவிழ்த்து ரத்தம் எடுத்தாள். "அக்கா, இந்த டெஸ்ட் இங்க இந்நேரத்துக்குக் கெடையாது. வெளிய லேப்புக்கு நீங்களே கொண்டு ஓடுங்க. நான் இங்க டிரிப்ஸ் போட்டுப் பாத்துக்கிறேன்" என்றாள். இவ்வளவு பெரிய கட்டடத்தில், லட்சம் பேர் சாப்பிடும் ஒரு மாத்திரையின் அளவைப் பார்க்க வழியில்லை. புருஷனின் ரத்தத்தைக் கைக்குள் பொத்திக்கொண்டு சுஃபியா ஆட்டோவில் போனாள். இருக்க வேண்டிய அளவைப்போல மூன்று மடங்கு என்று முடிவு வந்தது. அந்தக் காகிதத்தைப் பார்த்த பிறகுதான் எல்லோரும் ஓடினார்கள். தண்ணீர் இல்லாததோடு அந்த வலி மாத்திரையும் சேர்ந்துதான் அளவை ஏற்றிவிட்டது என்றார்கள். மூன்று தடவை டயாலிசிஸ் செய்தார்கள்.

உயிர் தங்கியது. பத்தாவது நாள் வீட்டுக்குப் போகலாம் என்றார்கள். கை நடுக்கமும் நாக்குக் குழறலும் போகலாம், போகாமலும் இருக்கலாம், சொல்ல முடியாது என்றும் சொன்னார்கள். இளம் பெண் டாக்டர் ஒருவர் டிஸ்சார்ஜ் சீட்டை எழுத உட்கார்ந்தார். ரசாக் மேசைக்குப் பக்கத்தில் போய் நின்றார். பத்து நாளில் அவரும் பாதியாக இளைத்திருந்தார்.

"டாக்டரம்மா, ஒரு ஒதவி. அந்த மனசு சீக்குப் பேர மட்டும் விட்டுருங்க. கிட்னிக் கோளாறுன்னு எழுதுனாப் போதும். ஆஸ்பத்திரியில கத்துனது பதட்டத்துல ஒளறுனதுன்னு மாப்ள வீட்ல சொல்லி வச்சிருக்கேன்."

டாக்டரின் பேனா நின்றது. மறுக்கவில்லை, நின்றது. இப்படிக் கேட்கும் எத்தனையாவது ஆளோ இவர், எத்தனை பேருக்கு அப்படி விட்டுக் கொடுத்தார்களோ!

"விடாதீங்க டாக்டர்" என்றாள் சுஃபியா. "நாளைக்கு இவரு வேற எங்கயாச்சும் விழுந்தா, பாக்குறவங்களுக்கு என்ன தெரியும்? என்ன மாத்திரை குடுக்கக் கூடாதுன்னு எதப் பாத்துத் தெரிஞ்சிக்குவாங்க? பெரிய எழுத்துல எழுதுங்க."

"என் பொண்ணு வாழ்க்கையக் கெடுக்கப் பாக்குற சுஃபியா."

"பத்து நாளைக்கு முன்னாடி தம்பிக்கு மூணு பிடி மண்ணு அள்ளிப் போட்டுட்டு வந்திருப்பீங்க மச்சான். அப்பவும் கிட்னின்னுதான் சொல்லியிருப்பீங்க."

சக்கர நாற்காலியில் இருந்த சிக்கந்தர் கையைத் தூக்கினான். வார்த்தை வருவதற்கு அவன் தாடை இரண்டு மூன்று தடவை அசைந்தது.

"எழு... துங்க."

டாக்டர் நோயின் பேரை முழுவதும் எழுதி, கையெழுத்துக்காகக் காகிதத்தை அவன் பக்கம் திருப்பினார். பேனா விரல்களுக்குள் நிற்கவில்லை. இரண்டாம் தடவையும் கீழே விழுந்தது. பாண்டீஸ்வரி மைப்பெட்டியைத் தேடி எடுத்து வந்தாள். பத்தாம் வகுப்பு வரை படித்த சிக்கந்தர், சுஃபியா மணிக்கட்டைப் பிடித்துக்கொள்ள, இடது பெருவிரலை அந்தக் காகிதத்தில் அழுத்தினான்.